பழைய விளையாட்டுக்குப் புதிய திருப்பணி

2002ஆம் ஆண்டு திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்து இந்தியத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது ஊர் எதிர்த்து நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக் கோயிலை அறநிலையத் துறையிடமே விட்டார்கள். அந்தச் சண்டையை நிர்வாகப் போட்டியாகப் பார்த்தவர்களே அதிகம். ஆனால் அதற்குள் ஓர் அழகியல் வழக்கும் நடந்தது. தொல்லியல் துறையின் கணக்கில் பழையது பழையதாகவே நிற்க வேண்டும். சாய்ந்த கல்லை நிமிர்த்தலாம், புதிதாக மெருகேற்றக் கூடாது. ஆகம வழக்கிலோ பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பாலாலயம் செய்து, பழுது பார்த்து, குடமுழுக்கு நடத்துவதுதான் கோயிலை உயிரோடு வைத்திருக்கும் வழி. இந்தக் கோயிலில் கடைசியாக அது 2017 பிப்ரவரியில் நடந்தது.

இரண்டு பக்கமும் 'அசல்' என்ற ஒன்றைக் காப்பதாகத்தான் சொன்னார்கள். அது எங்கே இருக்கிறது என்று அங்கேயே நடந்து பார்க்கலாம். கிழக்கு வாசலில் நுழைபவர் முதலில் கடப்பது கிருஷ்ணதேவராயர் தொடங்கி செவ்வப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரம், 16ஆம் நூற்றாண்டு. அடுத்தது ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் பெயரைச் சுமக்கும் வல்லாள மகாராஜா கோபுரம், 14ஆம் நூற்றாண்டு. அதையும் தாண்டினால் சோழர் காலத்துக் கிளி கோபுரம். உள்ளே போகப் போகக் கோபுரம் சிறுக்கிறது, காலம் பின்னால் போகிறது. பின்னால் வந்தவன் முன்னவனைவிடப் பெரிதாகக் கட்டினான். ஆனால் வெளியே கட்டினான்.

தமிழ்நாட்டில் வேறு வகைத் திருப்பணியும் நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பெரும்பொருள் செலவிட்டுச் செய்த திருப்பணிகளில் பல பழைய கற்றளிகளைப் பிரித்து, அதே இடத்தில் புதுக் கருங்கல்லில் எழுப்பினார்கள். பக்தியில் குறைவில்லை, வேலைப்பாட்டிலும் குறைவில்லை. பழைய கல் மட்டும் போயிற்று.

வெளியே கட்டுவது, பிரித்துக் கட்டுவது என்ற இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது முப்பது வயதே ஆன படைப்புகளைப் பற்றிய ஒரு சண்டைக்குப் போகலாம். கணினியிலும் வீடியோகேம் பெட்டிகளிலும் ஆடப்பட்ட பழைய ரோல்-பிளேயிங் கேம்களை இப்போது வரிசையாக 'ரீமாஸ்டர்' செய்து விற்கிறார்கள். அவை அசலைவிட மேலா?

ஆடாதவர்களுக்காக: இந்த வகை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து (1974) கிளைத்தது. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் பலம், அறிவு, சாமர்த்தியம் எல்லாவற்றையும் எண்களாகச் சுமந்து, பேசியும் சண்டையிட்டும் ஒரு நீண்ட கதையைக் கடப்பார். ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் பிடிக்கும். திரையில் வாசிக்க ஒரு நாவலளவு எழுத்து இருக்கும். மற்ற வகை விளையாட்டில் கிராபிக்ஸ் மாறினால் அதிகம் கெடுவதில்லை. இங்கே வேகம், எழுத்து, பாத்திரத்தின் முகம், குகையின் இருட்டு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று ஆடும்.

நம் ஊர் நிலைமை சற்று வேறு. ரிட்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் நகல் சிடிகள் கொட்டிக் கிடந்த காலத்தில்கூட, மாவட்டத் தலைநகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் ஓடியது கவுண்டர்-ஸ்டிரைக்கும் வைஸ் சிட்டியும்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடும் இடத்தில் எண்பது மணி நேரக் கதையை யார் தொடங்குவார்கள்? அதுவும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில்? ஆகவே தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுகளை இப்போது ஆடுபவர்களில் பெரும்பாலோருக்கு ரீமாஸ்டர் என்பது பழைய நினைவைப் புதுப்பிப்பது இல்லை. அதுதான் முதல் அறிமுகம். அமெரிக்க, ஜப்பானிய விமர்சகர்கள் 'என் பால்யத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று எழுதுவதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. நமக்கிருக்கும் பால்யம் வேறு. அதனாலேயே இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவும் முடிகிறது.

பால்டர்ஸ் கேட்டிலிருந்து தொடங்குவது நல்லது. கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் 1998 டிசம்பரில் ஐந்து சிடிகளில் வெளியிட்டது. கணினி ரோல்-பிளேயிங் கேம் செத்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வகைக்கு உயிர் கொடுத்த விளையாட்டு. அதன் ஊர்களும் காடுகளும் முப்பரிமாணத்தில் உருவாக்கப்பட்டு, பிறகு தட்டையான படங்களாகச் சமைக்கப்பட்டவை. 640க்கு 480 பிக்சல் திரைக்காகச் செய்தது. இன்றைய திரையில் அப்படியே ஓடவிட்டால் ஒன்று தபால்தலை அளவில் தெரியும், இல்லை ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள்.

பயோவேரின் நிறுவனர்களில் ஒருவரான டிரென்ட் ஆஸ்டர் பின்னாளில் நடத்திய பீம்டாக் நிறுவனம் 2012 நவம்பரில் இதன் 'என்ஹான்ஸ்டு எடிஷ'னைக் கொண்டுவந்தது. படங்களை உருவாக்கிய மூலக் கோப்புகளை எடுத்து, உயர்ந்த தரத்தில் மறுபடி சமைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்தக் கோப்புகள் கிடைக்கவில்லை, தொலைந்துபோயிருந்தன. கையில் இருந்தது சமைத்து முடித்த படங்கள் மட்டும். ஆகவே ஓவியத்தைத் தொடாமல், பெரிதாக்கிப் பார்க்கும் வசதி, அகலத்திரை, டேப்லெட்டிலும் ஆடும் வசதி, தெளிவான எழுத்து என்று சுற்றிலும் வேலை செய்தார்கள். பின்னர் வந்த ஒரு பேட்சில், தரையில் கிடக்கும் பொருள்களையெல்லாம் ஒரே பட்டையில் காட்டி அள்ளிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது. ஒவ்வொரு பிணமாகப் போய்க் குனிந்து எடுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அத்தோடு நின்றிருந்தால் வாதத்துக்கே இடமில்லை. நீரா, ரசாத், டோர்ன் என்று மூன்று புதிய தோழர்களையும் கதைக்குள் நுழைத்தார்கள். 1998இன் தோழர்கள் நாலு வரி பேசிவிட்டுப் பெரும்பாலும் மௌனமாக நடப்பார்கள். அந்த மௌனத்தை ஆடுபவர் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். புதியவர்களோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஆளுக்கொரு கிளைக்கதையோடு. எழுத்து மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பதினான்கு ஆண்டு பிந்திய எழுத்து என்பது முதல் உரையாடலிலேயே தெரிந்துவிடுகிறது. சோழர் தூணுக்குப் பக்கத்தில் நாயக்கர் யாளி நிற்பது தவறில்லைதான். நாயக்கர் தனி மண்டபம் கட்டி அதில் நிறுத்தினார்கள், இவர்கள் பழைய மண்டபத்துக்குள்ளேயே சொருகினார்கள். அதே போல முப்பரிமாண அறிமுகப் படங்களை நீக்கிவிட்டு, கையால் தீட்டிய ஓவியங்களை அசையவிட்டு வைத்ததும் அவசியமற்ற வேலை. பழைய படங்கள் இன்று கரடுமுரடாகத் தெரியும் என்பது உண்மை. 1998 அப்படித்தான் இருந்தது.

மூலக் கோப்பு தொலைவது இந்தத் துறையில் அதிசயமில்லை. ஐஸ்விண்ட் டேல் இரண்டாம் பாகத்துக்கு இப்படி ஒரு பதிப்பு வராமலே போனதற்குக் காரணம் அதன் சோர்ஸ் கோடு அகப்படாததுதான். 2002இல் வந்த கிங்டம் ஹார்ட்ஸை உயர் தரத்தில் மறுபடி வெளியிடப் போனவர்கள், மூலத் தரவில் பெரும்பகுதி இல்லாததால், கடையில் விற்ற பிரதியையே தோண்டி எடுத்து மீட்க வேண்டியிருந்தது. மாஸ் எஃபெக்ட் மூன்று பாகங்களையும் சேர்த்து 2021இல் வெளியிட்டபோது முதல் பாகத்தின் 'பினக்கிள் ஸ்டேஷன்' பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன் மூலத் தரவு சிதைந்துபோயிருந்தது. கோடிக்கணக்கில் விற்ற பண்டத்தின் மூலத்தைப் பத்து இருபது ஆண்டுக்குக்கூடப் பத்திரமாக வைக்க முடியாத தொழில் இது.

கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளும்படியும் ஏற்பாடு. வேலை முடிந்து, மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இடையில் ஓர் அரசன் மாறியும் படி தொலையவில்லை. பிரித்துக் கட்டுவதானால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய முன்மாதிரி இது. நில தானம், விளக்கு தானம் பற்றிய ஆவணங்கள் என்பதால் காத்தார்கள், அழகுக்காக இல்லை என்று சொல்லலாம். அதனால் என்ன? காத்தார்கள்.

இப்போது வெளியே கட்டிய கோபுரத்துக்கு வருவோம். டயாப்லோ இரண்டு, 2000ஆம் ஆண்டு விளையாட்டு. 2021 செப்டம்பரில் 'ரிசரக்டட்' என்ற பெயரில் வந்த பதிப்பின் அடியில் ஓடுவது பழைய விளையாட்டின் தர்க்கமே. எந்த அடி பட்டால் எவ்வளவு வலி, எந்தப் பெட்டியில் என்ன விழும் என்பதெல்லாம் பழைய கணக்கு. அதன்மேல் புதிய முப்பரிமாண உருவங்களைப் போர்த்தியிருக்கிறார்கள். கணினியில் 'ஜி' பொத்தானை ஒருமுறை தட்டினால் போர்வை விலகி 2000ஆம் ஆண்டின் மங்கலான பிக்சல் உலகம் தெரிகிறது. மறுபடி தட்டினால் திரும்பிவிடுகிறது. சண்டை நடுவிலேயே தட்டலாம். நான் இதுவரை பார்த்த ரீமாஸ்டர் உத்திகளில் இதைவிட நேர்மையான ஒன்று கிடையாது. 'நாங்கள் செய்தது இவ்வளவுதான், நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் துணிச்சல் அந்தப் பொத்தானில் இருக்கிறது. தட்டித் தட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும்: புதிய படத்தில் இடுகாட்டின் ஒவ்வொரு கல்லும் தெளிவாகத் தெரிகிறது, பழைய படத்தில் பாதி தெரியாததால் பயம் கூடுதல்.

அதே பதிப்பில் செய்த சில்லறை மாற்றங்கள் எனக்கு உடன்பாடு. பழைய விளையாட்டில் சேமிப்புப் பெட்டி சிறியது. இடம் போதாமல், பொருள் சுமப்பதற்கென்றே சண்டையிடாத உபரிப் பாத்திரங்களை உருவாக்கி வைத்திருந்தார்கள். புதிய பதிப்பு எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவான ஒரு பெட்டி கொடுத்தது. தரையில் சிந்திய பொற்காசு நடந்தாலே கைக்கு வந்துவிடும். இவை விளையாட்டின் சவாலைக் குறைக்கவில்லை, ஆடுபவரின் அலுப்பைத்தான் குறைத்தன.

சவால் எங்கே முடிகிறது, அலுப்பு எங்கே தொடங்குகிறது என்பதுதான் சிக்கலான இடம். ஃபைனல் ஃபேன்டசி முதல் ஆறு பாகங்கள் (1987 முதல் 1994 வரை) 'பிக்சல் ரீமாஸ்டர்' என்று 2021, 2022 ஆண்டுகளில் வெளிவந்தன. பாத்திரங்களின் பிக்சல் உருவங்களைத் திருத்தி வரைந்தவர் அவற்றை முதலில் வரைந்த கசுகோ ஷிபுயாவே. இசையை மறுபடி அமைப்பதை மேற்பார்த்தவர் மூல இசையமைப்பாளர் நொபுவோ உயெமட்சு. ஸ்தபதி உயிரோடிருக்கும்போதே அவர் கையாலேயே திருப்பணி நடப்பது பெரிய கொடுப்பினை. என்றாலும் முதலில் வந்த பதிப்பில் ஆங்கில எழுத்துரு ஒல்லியாக, படத்தோடு ஒட்டாமல் இருந்ததென்று ஆடியவர்கள் முகம் சுளித்தார்கள். 2023இல் வந்த பதிப்பில் பழைய பிக்சல் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம், பழைய இசைக்கும் மாறிக்கொள்ளலாம். கூடவே இன்னொரு சலுகையும் வந்தது: வழியில் எதிரிகள் குறுக்கிடுவதை முற்றிலும் நிறுத்திவிடலாம், அனுபவப் புள்ளிகளை நான்கு மடங்காகவும் கூட்டிக்கொள்ளலாம்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஆட்டோவிலும் சுற்றி வரலாம். எட்டு லிங்கங்களிலும் இறங்கிக் கும்பிடலாம், ஒன்றும் விட்டுப்போகாது. முதியவர்களும் முடியாதவர்களும் அப்படி வருகிறார்கள், யாரும் தவறென்று சொல்வதில்லை. ஆனால் காலில் நடந்தவருக்கு நிருதி லிங்கத்துக்கும் வருண லிங்கத்துக்கும் நடுவில் நேர்வது வண்டியில் வந்தவருக்கு நேர்வதில்லை. பழைய ரோல்-பிளேயிங் கேமின் குகையும் இப்படித்தான் கட்டப்பட்டது. மருந்து தீர்ந்துகொண்டே வரும், சேவ் செய்யும் இடம் இன்னும் வரவில்லை, திரும்பிப் போகவா முன்னேறவா என்று மனம் அல்லாடும். எதிரிகளை நிறுத்திவிட்டால் அந்தக் குகை வெறும் நடைபாதை. வசதியை வைத்ததில் தவறில்லை. வேலைக்குப் போய்வந்து இரவு ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு அது இல்லாவிட்டால் கதையே கிடைக்காது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஆடிவிட்டு 'இந்த விளையாட்டில் என்ன பெரிதாக இருக்கிறது' என்று கேட்பவரோடு என்னால் பேச முடிவதில்லை.

மூலத்தில் நிஜமான கோளாறு இருந்தால் திருத்துவதுதான் நியாயம். 2006இல் வந்த ஒப்ளிவியனில் ஒரு விபரீத ஏற்பாடு இருந்தது. ஆடுபவர் லெவல் ஏற ஏற உலகமும் கூடவே ஏறும். எந்தத் திறன்களை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பதைப் பொறுத்தே அடுத்த லெவலில் பலம் கூடும் என்பதால், கவலையில்லாமல் ஆடியவர் லெவல் ஏறியும் பலவீனமாவார். விவரம் தெரிந்தவர்கள் தாளும் பேனாவுமாகக் கணக்கெழுதி ஆடினார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று முன்னறிவிப்பின்றி வெளியான ரீமாஸ்டர், லெவலுக்குப் பன்னிரண்டு புள்ளிகளைக் கையில் கொடுத்து, பிடித்த இடத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டது. தாளும் பேனாவும் தேவையில்லை. உலகம் கூடவே ஏறுவதை மட்டும் விட்டுவைத்தார்கள். வழிப்பறிக்காரன் இன்னமும் விலையுயர்ந்த கவசம் மாட்டிக்கொண்டு சில்லறைக் காசு கேட்கிறான். அதுவும் அசலின் குணம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த ரீமாஸ்டரைச் செய்த வர்ச்சுவோஸ் நிறுவனம் பழைய என்ஜினை உள்ளே ஓடவிட்டு, காட்சியை மட்டும் அன்ரியல் என்ஜின் 5இல் வரைந்தது. ராஜகோபுரமும் கிளி கோபுரமும் போலத்தான். ஒரு குரல் நடிகை வசனத்தில் தடுமாறி, மறுபடி சொல்கிறேன் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் சொன்னது 2006இல் வெட்டப்படாமல் தங்கிவிட்டது. 2025இலும் அதைத் தூக்கவில்லை. அந்த அன்பைப் பாராட்டலாம். நிறத்தில்தான் கை தவறிவிட்டது. பழைய ஒப்ளிவியனின் புல்வெளி கண்ணைப் பறிக்கும் பச்சை, வானம் அப்பட்டமான நீலம், கொஞ்சம் கனவுபோல. புதியதில் எல்லாவற்றின்மேலும் ஒரு பழுப்பு ஏறியிருக்கிறது. தத்ரூபம் என்று அதைச் சொல்கிறார்கள். தத்ரூபத்தை யார் கேட்டார்கள்?

டீமன்ஸ் சோல்ஸ் விஷயத்தில் இது இன்னும் தூரம் போனது. ஃப்ரம்சாஃப்ட்வேர் 2009இல் செய்த விளையாட்டை புளூபாயின்ட் என்ற வேறொரு நிறுவனம் 2020இல் அடியோடு வரைந்து தந்தது. மூலத்தின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி அதில் நேரடியாக ஈடுபடவில்லை. பருத்த அதிகாரி ஒருவன் அதில் வருவான். 2009இல் அவன் முகத்தில் மாறாத ஓர் இளிப்பு; கோடரியை ஓங்கும்போதும் அதே இளிப்பு. அதுதான் பயங்கரம். 2020இல் அவனுக்கு முகமெல்லாம் கொப்புளம், பார்த்தாலே குமட்டும் உருவம். பிக்சல் எண்ணிக்கையில் எத்தனையோ மடங்கு மேல். பயம் இருந்த இடத்தில் அருவருப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. கட்டளைகளும் எதிரிகளின் அசைவும் அச்சு அசலாக இருக்கையில், வரைந்தவரின் மனம் மட்டும் விடுபட்டுப் போனது.

படைப்பாளி இல்லாமல் அவர் படைப்பைத் 'திருத்துவது' நம் திரையரங்குகளுக்கும் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் 'ராஞ்ஜனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை, முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். இறந்த நாயகன் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்ததால் படம் ஓடியது. அங்கேயாவது பழைய முடிவுள்ள பிரதி கைக்கு எட்டும்.

விளையாட்டில் அந்த உத்தரவாதம் இல்லை. புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிடுவது வழக்கமாகி வருகிறது. பிக்சல் ரீமாஸ்டர் வந்தபோது ஃபைனல் ஃபேன்டசி ஐந்து, ஆறு பாகங்களின் முந்தைய கணினிப் பதிப்புகளை விற்பனையிலிருந்து நீக்கினார்கள். அவையும் கைப்பேசிக்காகச் செய்த அசிங்கமான ஒரு மறுபதிப்புதான் என்பதால் அழ ஆளில்லை. வேறு வகை விளையாட்டானாலும் வார்கிராஃப்ட் மூன்றின் கதை மோசமானது: 2020இல் 'ரீஃபோர்ஜ்டு' வந்ததும், பழையதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் கணினியிலும் பழைய மென்பொருளின் இடத்தைப் புதியது பிடித்துக்கொண்டது. இதற்கு நேரெதிராக, ஜிஓஜி இணையக் கடையில் பால்டர்ஸ் கேட்டின் புதிய பதிப்பை வாங்கினால் 1998இன் பதிப்பும் கூடவே வருகிறது. நீராவையும் டோர்னையும் பற்றி மேலே நான் குறைப்பட்டுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு ஏற்பாட்டின் முன்னால் சிறிய விஷயம். பிடிக்காதவர் உள்ளே போய்ப் பழைய கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை. நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே அவற்றை ஆடக் கொடுக்க அனுமதி கேட்டபோது 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இங்கே 1954இன் நூல் வழங்கல் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமரா நூலகத்துக்குப் போக வேண்டும். கணினி விளையாட்டு அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

நிறுவனமும் அரசும் விட்ட இடத்தில் ரசிகர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 2004இன் ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் இரண்டாம் பாகம் அவசரத்தில் வெளியானது, கடைசிப் பகுதி ஏறக்குறைய அறுந்து தொங்கியது. ஆனால் எழுதி, குரல் பதிவு செய்து, கோர்க்காமல் விட்ட காட்சிகள் சிடிக்குள்ளேயே கிடந்தன. சம்பளமில்லாத ரசிகர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து அவற்றைத் தேடியெடுத்து, இடம் பார்த்து, மறுபடி கோர்த்தார்கள். மேற்பூச்சைத் தொடவில்லை, ஒரு பிக்சல்கூடக் கூர்மையாகவில்லை. அசலைவிட மேலான பதிப்பு என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மூலப் படைப்பாளிகள் எண்ணியதற்கு அது மூலத்தைவிட நெருங்கி வந்தது. 2022இல் நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்கு இந்த விளையாட்டை விற்ற நிறுவனம், அந்த மீட்ட காட்சிகளையும் பின்னால் தருவதாக விளம்பரம் செய்தது. 2023 ஜூனில் அதைக் கைவிட்டது. ரசிகர்களின் பதிப்பு கணினியில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.